நீலப்பறவையும் சிதைந்த ஏடும்

2023ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு கலந்து மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாயைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று கரையோர ஊர்களின் படகுகளெல்லாம் கறுத்துப்போயின. வலைகள் கறுத்தன. அலையாத்திச் செடிகளின் தண்டுகளில் நீர் ஏறி நின்ற மட்டம் வரைக்கும் கறுப்பு. மீனவர்களே வாளியும் குவளையும் கொண்டு எண்ணெயை அள்ளிய படங்கள் நாளிதழ்களில் வந்தன. 787 படகுகளைச் சீர்செய்யப் படகொன்றுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது.

அந்தத் தொகை போதுமா என்பது வேறு வழக்கு. இங்கே நான் கவனிக்க விரும்புவது ஒன்றைத்தான். படகைச் சீர்செய்வதா, கூடாதா, எந்த அளவுக்குச் செய்வது என்று எந்தக் குப்பத்திலும் ஒரு விவாதம் எழவில்லை. படகு கடலுக்குப் போகவேண்டும். ஆகவே துடைத்தார்கள், சுரண்டினார்கள், வண்ணம் பூசினார்கள். ஃபைபர் படகில் வெடிப்பு விழுந்தால் மேட்டை வைத்து ரெசின் பூசி அடைப்பதும் அப்படித்தான். அதற்கு முந்திய காலத்துக் கட்டுமரத்திலோ இந்தக் கேள்விக்கே இடமில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயவைப்பார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். நாள்தோறும் பிரிந்து நாள்தோறும் கூடுகிற ஒரு கலத்துக்கு 'மூல வடிவம்' என்று எதைச் சொல்வது? துறைமுகம் வருவதற்குமுன் சென்னையின் அலைகளைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றிச்சென்ற மசூலாப் படகும் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்ததே. தையல் தளர்ந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள். உழைக்கும் படகைப் பொறுத்தவரை பழுதுபார்த்தல் என்பது அதன் வாழ்க்கையின் ஒரு பகுதி.

விவாதம் எழுவது படகு உழைப்பதை நிறுத்தி நினைவாக மாறிய பிறகுதான். அப்படி மாறிப்போன ஒரு படகின் கதையை, வட இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் மூழ்கி 34 ஆண்டுகள் கிடந்து மீண்ட ஒரு பந்தயப் படகின் கதையை, இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழ் வாசகருக்கு அது தொலைவிலுள்ள சங்கதியாகத் தோன்றலாம். சுவடிப் பதிப்பும் கோயில் திருப்பணியும் நடந்த நாட்டில் வாழ்கிற நமக்கு அந்தக் கதையின் சிக்கல் அவ்வளவு அந்நியமானதன்று.

படகின் பெயர் புளூபேர்ட் கே7. நீலப்பறவை. அந்தப் பெயர் இலக்கியத்திலிருந்து வந்தது. பெல்ஜிய நாடகாசிரியர் மாரிஸ் மேட்டர்லிங்கின் 'நீலப்பறவை' நாடகத்தைக் கண்ட மால்கம் கேம்ப்பெல் என்னும் ஆங்கிலேயர் தம் பந்தய வண்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். எவ்வளவு துரத்தினாலும் கைக்குள் நிற்காத மகிழ்ச்சிக்குக் குறியீடு அந்தப் பறவை. வேகத்தைத் துரத்துகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது. மால்கம் நிலத்திலும் நீரிலும் பல உலகச் சாதனைகள் நிகழ்த்தினார். 1939 ஆகஸ்டில் இதே கானிஸ்டன் ஏரியில் மணிக்கு 141.74 மைல் வேகத்தில் படகோட்டியது அவருடைய கடைசிச் சாதனை. 1948இன் இறுதி நாளில் அவர் மறைந்தார்.

மகன் டொனால்ட் கேம்ப்பெல் 1921இல் பிறந்தவர். தந்தையின் பழைய படகையும் தந்தையின் பழைய மெக்கானிக் லியோ வில்லாவையும் வைத்துக்கொண்டு தொடங்கினார். 1951இல் அந்தப் படகு நீருக்கடியில் எதன்மீதோ மோதிச் சிதைந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில், ஜெட் எஞ்சின் பொருத்திய படகை ஓட்டிய ஜான் காப் இறந்தார். ஜெட் எஞ்சினை நீரில் இறக்குவது தற்கொலைக்குச் சமம் என்று பலரும் நினைத்திருந்த அந்த வேளையில்தான் கென், லூ என்னும் நாரிஸ் சகோதரர்கள் கேம்ப்பெல்லுக்காகக் கே7ஐ வடிவமைத்தார்கள். எஃகுக் குழாய்களாலான எலும்புக்கூடு. அதன்மேல் பர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவைத் தகடு. ஏறத்தாழ 26 அடி நீளம். லங்காஷயரில் கட்டி முடித்து 1955 தொடக்கத்தில் நீரில் இறக்கினார்கள்.

இவ்வகைப் படகு ஓடும் முறையைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். வேகம் ஏறஏறப் படகின் உடல் நீரைவிட்டு எழும். முன்புறம் இருபக்கமும் நீண்ட கைகளில் பொருத்திய இரண்டு மிதவைகள், பின்புறம் அடிப்பாகத்தில் ஓரிடம், ஆக மூன்று புள்ளிகள் மட்டும் நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டு செல்லும். எஞ்சியதெல்லாம் காற்றில். நீரின் உராய்வு குறைவதால் வேகம் கிடைக்கிறது; ஆனால் மூக்கு ஓரளவுக்கு மேல் உயர்ந்தால் அடியில் புகும் காற்று படகை இறக்கை போலத் தூக்கிவிடும். படகாக இருப்பதற்கும் விமானமாக ஆவதற்கும் இடையே சில பாகைகளே இடைவெளி.

முதலில் பொருத்திய எஞ்சினின் பெயர் பெரில். (ஒரு சிறு விலகல்: பெரில் என்னும் மணியின் பெயர் கிரேக்கத்துக்கு 'வெளுரிய' என்னும் பிராகிருதச் சொல்வழிச் சென்றது, அதன் வேர் திராவிடம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. காங்கேயத்தை அடுத்த படியூர் மணிக்கற்கள் பழங்காலத்திலேயே பேர்போனவை. ஆங்கிலேயரின் ஜெட் எஞ்சினில் கொங்குநாட்டு வாசனை சிறிது ஒட்டியிருக்கிறது என்று எண்ணி மகிழ எனக்கு உரிமையுண்டு என்றே நினைக்கிறேன்.)

1955 ஜூலையில் அல்ஸ்வாட்டர் ஏரியில் மணிக்கு 202.32 மைல். நீரில் 200 மைலைக் கடந்த முதல் சாதனை அது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மீட் ஏரியில் 216.20. பிறகு கானிஸ்டனில் ஏறக்குறைய ஆண்டுக்கொரு சாதனை; 1959இல் 260.35. 1964 டிசம்பர் 31 அன்று, ஆண்டு முடிய சில மணிநேரம் இருக்கையில், மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33. அதே ஆண்டு ஜூலையில் நிலத்திலும் மணிக்கு 403.10 மைல் வேகச் சாதனையை அவர் நிகழ்த்தியிருந்தார். ஒரே ஆண்டில் இரண்டையும் எட்டியவர் இன்றுவரை அவர் ஒருவரே.

ஏழு சாதனைகளும் ஒரே படகில். 1966இல் அதற்கு வயது பன்னிரண்டு ஆகிவிட்டது. மனிதன் நிலவுக்குச் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஏரியில் படகோட்டும் ஒருவர்மீது உலகத்துக்கு இருந்த ஆர்வம் வடிந்துகொண்டிருந்தது. கேம்ப்பெல் பழைய படகையே புதுப்பித்து 300 மைலை எட்ட முடிவுசெய்தார். பெரில் எஞ்சினை எடுத்துவிட்டு, ஃபாலண்ட் நாட் என்னும் சிறு போர்விமானத்தின் ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பொருத்தினார்கள். வாலில் நின்ற துடுப்பும் நாட் விமானத்தினுடையதே.

நாட் நமக்குப் பழகிய பெயர். பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுக் கட்டிய விமானம் அது. 1965ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியதால் 'சேபர் கொல்லி' என்று புகழ்பெற்றது. ஆர்ஃபியஸ் எஞ்சினும் பெங்களூரில் உற்பத்தியானது. இந்தியாவிலேயே வடிவமைத்த மாருத் போர்விமானத்தில் அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் இரண்டு இருந்தன. வட இங்கிலாந்தின் ஏரியிலும் பஞ்சாபின் வானிலும் அந்த ஆண்டுகளில் ஒலித்தது ஒரே குரல். பெயர்தான் உறுத்துகிறது. மாண்ட மனைவியை மீட்கக் கீழுலகுக்குச் சென்று, திரும்பும் வழியில் பொறுமையிழந்து பின்னால் பார்த்ததால் அவளை மறுபடி இழந்த கிரேக்கப் பாணனின் பெயர் ஆர்ஃபியஸ்.

1967 ஜனவரி 4. வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு அமைந்த அமைதியான காலை. சாதனை ஏற்கப்பட வேண்டுமானால் அளந்து குறித்த ஒரு கிலோமீட்டரை ஒரு மணிநேரத்துக்குள் இரு திசையிலும் கடக்கவேண்டும், சராசரியே கணக்கு. முதல் ஓட்டத்தில் 297.6 மைல். திரும்பும் ஓட்டத்துக்கு முன் எரிபொருள் நிரப்பவில்லை. தன் படகே எழுப்பிய அலை அடங்கும் வரையிலும் அவர் காத்திருக்கவில்லை. 320 மைலைத் தாண்டிய வேகத்தில் மூக்கு உயர்ந்தது. படகு நீரைவிட்டு எழுந்து, கரணமிட்டு, மூக்குக் குத்தி விழுந்து உடைந்தது. எரிபொருள் குறைந்து படகு இலேசானதா, அலையா, எஞ்சின் அணைந்ததா, எல்லாம் சேர்ந்தா என்று இன்றளவும் வாதிடுகிறார்கள். அவருடைய ராசிப் பொம்மையான கரடி மேலே மிதந்து வந்தது. கடற்படை முக்குளிப்போர் படகின் சிதைவுகளைக் கண்டார்கள், உடல் கிடைக்கவில்லை. தேடலைக் கைவிட்டார்கள். அவருக்கு வயது 45.

அடுத்த 34 ஆண்டுகள் படகு ஏரியடியில் கிடந்தது. ஏறத்தாழ 45 மீட்டர் ஆழம், இருட்டு, குளிர்ந்த நன்னீர். இந்த மூன்றும் சேர்ந்தே அதைக் காப்பாற்றின. நம் எண்ணூர்க் கழிமுகத்து உப்புநீரில் 34 ஆண்டுகள் கிடந்திருந்தால் அலுமினியத் தகட்டில் என்ன எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அங்கேயும் எல்லாம் தப்பவில்லை. எஞ்சினின் மக்னீசியக் கலவைப் பாகங்கள் நீரில் கரைந்துபோயின. ஆனால் ஓட்டுநர் அறைக்குப் பின்னாலிருந்த உடற்பகுதி பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது; நீல வண்ணம்கூட இருந்தது.

மீட்டவர் டைன் நதிக்கரைப் பகுதியைச் சேர்ந்த பில் ஸ்மித் என்னும் முக்குளிப்பவர், பொறியாளர். மாரிலியன் என்னும் இசைக்குழு கேம்ப்பெல்லைப் பற்றிப் பாடியிருந்த ஒரு பாட்டைக் கேட்டதுதான் அவருக்குத் தூண்டுகோல். நாடகத்திலிருந்து பெயர் பெற்ற படகு பாட்டால் கண்டெடுக்கப்பட்டது. பல ஆண்டுத் தேடலுக்குப் பின் 2001 மார்ச் 8 அன்று கே7 நீருக்கு மேலே வந்தது. வாலில் வரைந்திருந்த பிரிட்டிஷ் கொடி அடையாளம் தெரிந்தது.

எல்லாரும் மகிழவில்லை. ஏதேனும் நேர்ந்தால் படகும் அதன் தலைவனும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று கேம்ப்பெல் சொல்லியிருந்ததை நினைவூட்டிய அவருடைய சகோதரி, மீட்பை விரும்பவில்லை. படகு மேலே வந்துவிட்டதால், அந்தச் சொல்லைக் காப்பாற்ற ஒரே வழி உடலையும் தேடுவதுதான் என்று ஆயிற்று. மே 28 அன்று உடல் கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று கானிஸ்டன் ஊரில் அடக்கம் செய்தார்கள். முந்தைய நாள் நியூயார்க்கில் கோபுரங்கள் வீழ்ந்திருந்தன. உலகத்தின் கண் அங்கே இருந்தது.

இனிதான் நம் கேள்வி. உடைந்த படகை என்ன செய்வது?

ஒரு தரப்பு இப்படிச் சொன்னது: உடைந்த நிலைதான் அதன் வரலாறு. நசுங்கிய தகடும் கிழிந்த மூக்கும் 1967 ஜனவரி 4 காலையில் நடந்ததற்கு எஞ்சிய ஒரே சாட்சிகள். அவற்றைத் தட்டி நிமிர்த்தினால் சாட்சியை அழித்தவர்களாவோம். அரிப்பு பரவாமல் தடுத்து, அப்படியே கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவேண்டும். மறுதரப்பு சொன்னது: இந்தப் படகு பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது, ஏழு முறை வென்றது, அந்த ஒரு நொடியை மட்டும் நிரந்தரமாக்கி வைப்பது அதற்கும் அதன் தலைவனுக்கும் செய்யும் அநீதி. மகள் ஜினா கேம்ப்பெல், தந்தை இறந்த கோலத்தில் அந்தப் படகைக் காட்சிப்படுத்துவதை விரும்பவில்லை. 2006 டிசம்பரில் குடும்பத்தின் அறக்கட்டளை படகை ஊரிலுள்ள ரஸ்கின் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக எழுதிக் கொடுத்தது. மீண்டும் ஓடும் படகாக்குவது என்று முடிவாயிற்று. பொதுநிதிக்கான விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

ரஸ்கின் அருங்காட்சியகம் என்ற பெயரில் ஒரு முரண் பதுங்கியிருக்கிறது. ஜான் ரஸ்கின் 1872 முதல் 1900இல் இறக்கும்வரை கானிஸ்டன் ஏரிக்கரையில் வாழ்ந்தவர். அந்த ஊரிலேயே அடக்கமானவர். காந்தியடிகள் 1904இல் தென்னாப்பிரிக்க ரயில் பயணத்தில் ஒரே மூச்சில் படித்து, சர்வோதயம் என்று பெயரிட்டுப் பின்னர்த் தழுவி எழுதிய 'அன்டு திஸ் லாஸ்ட்' நூலின் ஆசிரியர் அவரே. ஏரிப் பகுதிக்குள் ரயில் வருவதையே எதிர்த்தவர், ஜெட் படகை என்ன சொல்லியிருப்பார் என்பது கிடக்கட்டும். 1849இல் வெளியான 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' என்னும் நூலில் பழங்கட்டடங்களைப் 'புதுப்பித்தல்' என்பது முற்றான அழிவு, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு பொய் என்ற கருத்தை முன்வைத்தவரும் அவரே. இறந்தவரை எழுப்ப முடியாதது போலவே பழைய கட்டடத்தையும் மீட்க முடியாது என்பது அவர் கட்சி. அந்த மனிதரின் பெயர்தாங்கிய கூடத்துக்காகத்தான் உடைந்த படகு புதுப்பிக்கப்பட்டது!

ரஸ்கினுடைய கோபம் நமக்கு விளங்காததன்று. திருப்பணி என்ற பெயரில் மணலை வீச்சாக அடித்துக் கல்வெட்டெழுத்துகளை மழுக்கிய கோயில்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே நம் மரபுக்குள் வேறொரு வழியும் இருந்தது. திருமழபாடிக் கோயிலை இடித்துக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். புதுச் சுவரில் அவை ராஜேந்திரன் காலத்தில் மீண்டும் வெட்டப்பட்டன. படியெடுத்து வெட்டிய செய்தியையும் சேர்த்தே வெட்டினார்கள். கல் புதிது, சொல் பழையது, இது படி என்ற ஒப்புதலும் அங்கேயே இருக்கிறது. ரஸ்கின் இதைப் பொய் என்று சொல்லியிருக்க முடியுமா? எனக்கு ஐயம்தான்.

சுவடிப் பதிப்பில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. செல்லரித்த ஏட்டை வைத்துக்கொண்டிருக்கும் பதிப்பாசிரியர் முன் எப்போதும் இரண்டு ஆசைகள் நிற்கும். பாட்டை முழுதாகப் படிக்கத் தரவேண்டும் என்பது ஒன்று. இல்லாததை இருப்பதாகக் காட்டக்கூடாது என்பது மற்றொன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாட்டுகள் கிடைக்கவில்லை. பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. யாப்பறிந்த புலவருக்கு அந்த இடைவெளிகளை நிரப்புவது கடினமன்று. அவர் காலத்திலும் முன்பும் அப்படி நிரப்பியவர்கள் இருந்தார்கள். ஐயர் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளை வகுப்பில் கடக்கும்போதெல்லாம் மாணவர்கள் சற்றே தயங்குவதைக் கண்டிருக்கிறேன். பாட்டின் மற்ற அடிகளைவிட அங்கே அவர்கள் அதிகம் கவனிக்கிறார்கள்.

படகுக்குப் புள்ளி வைக்க முடியாது. அங்கேதான் ஒப்புமை நொண்டுகிறது. மூக்கின் இடத்தில் இடைவெளி விட்டால் படகு மிதக்காது. ஓடவேண்டும் என்று முடிவுசெய்த கணமே விடுபட்ட அடிகளையெல்லாம் யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். கேள்வி எப்படி எழுதுவது என்பதே.

நார்த் ஷீல்ட்ஸ் ஊரிலுள்ள பட்டறையில் ஸ்மித்தும் தன்னார்வலர்களும் செய்த வேலை இந்த இடத்தில் மரியாதைக்குரியது. முன்பகுதியும் ஓட்டுநர் அறையும் ஏறக்குறைய இல்லாமற்போனதால் அவற்றைப் புதிதாகச் செய்தார்கள். மற்ற இடங்களில், புதிய தகடு வெட்டிப் பொருத்துவது எளிதாகவும் மலிவாகவும் இருந்தபோதிலும், பழைய தகட்டையே தேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான தறையாணிகளைக் கழற்றி, கசங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, அரித்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டு, மீண்டும் அதே இடத்தில் அறைந்தார்கள். கூலியின்றி, ஆண்டுக்கணக்கில். எஞ்சின் மட்டும் வேறொரு ஆர்ஃபியஸ். புதிய தகட்டில் கட்டியிருந்தால் அது நகல். பழைய தகட்டில் கட்டியதால் அது பாடபேதங்களோடு கூடிய பதிப்பு என்பேன்.

ஆயினும் இழப்பு இழப்புதான். நிமிர்த்திய தகட்டில் 1967 இல்லை. படங்களும் அளவுகளும் இருக்கின்றன. கையால் தொட்டு உணரக்கூடிய அந்த மடிப்பு இல்லை. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை: அவர்கள் ஓட்டியதே சரி என்று நினைக்கிறேன். மகளின் விருப்பம் அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், மூன்று புள்ளிகளில் நீரைத் தொட்டு ஓடுவதற்கென்றே வடிவமைத்த ஒரு பொருளை, அது ஓடுவதைக் காணாமல் புரிந்துகொள்ள முடியாது என்பது. இசைக்கருவியைப் போன்றதுதான் அதுவும்.

2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பியூட் தீவிலுள்ள லாக் ஃபாட் ஏரியில் நீலப்பறவை மீண்டும் எழுந்தது. ஓட்டியவர் டெட் வால்ஷ். வேகம் மணிக்கு 150 மைல் அளவைத் தொட்டது. கானிஸ்டனில் ஏன் ஓட்டவில்லை என்று கேட்கலாம். கானிஸ்டன் ஏரியில் இன்று வேகவரம்பு மணிக்கு 10 மைல். வேகச் சாதனை முயற்சிகளுக்கென்று நடக்கும் ஒரு வாரத்துக்கு மட்டும் விலக்களிக்கும் வழக்கம் உண்டு. (அதே 2018 நவம்பரில் ஆந்திரத்தின் கிருஷ்ணா நதியில் உலக விசைப்படகுப் பந்தயம் ஒன்று நடந்தது; கேம்ப்பெல்லின் படகைவிட வேகம் குறைந்த, ஆனால் மிதவைகளின்மேல் காற்றில் எழும் அதே தத்துவத்தில் அமைந்த படகுகள். நம் நாளிதழ்களில் அது விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தோடு போய்விட்டது.)

பிறகு வந்தது வழக்கு. பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள், புதிதாகச் செய்த பாகங்களில் தங்களுக்கும் உரிமை உண்டு என்றார்கள். அருங்காட்சியகம் கொடைப்பத்திரத்தைக் காட்டியது. பேச்சு முறிந்து நீதிமன்றம்வரை போயிற்று. படகு நார்த் ஷீல்ட்ஸிலேயே நின்றது. 2010ஆம் ஆண்டளவில் அதற்கென்று கானிஸ்டனில் கட்டிய கூடம் காலியாக இருந்தது. இறுதியில் 2023இல் ஸ்மித் தம் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டார்.

இந்தச் சண்டையைச் சிறுமை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏட்டை வைத்திருந்த வீடு, பதிப்பித்த புலவர், படிக்கும் உலகம் என்ற முக்கோணத்தை நாம் அறிவோம். வீட்டார் ஏட்டைக் கொடுக்காவிட்டால் நூல் இல்லை; புலவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உழைக்காவிட்டாலும் இல்லை. ஆனால் அச்சில் வந்தபிறகு புறநானூறு எந்த வீட்டுக்கும் உரியதன்று, ஐயருக்கும் உரியதன்று. ஐயர் தம் முகவுரைகளில் ஏடு தந்தவர்களை ஒவ்வொருவராக ஊரும் பேரும் சொல்லிக் குறித்தார். கடன் தீர்க்கும் வழி அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பத்திரத்தின்படி படகு அருங்காட்சியகத்துக்கே உரியது, அதில் தவறில்லை. தகட்டை நிமிர்த்திய கைகளுக்கு உரியது பங்கு அன்று, முகவுரையில் ஓர் இடம். அந்த இடம் உரிய காலத்தில் உரிய முறையில் தரப்பட்டிருந்தால் வழக்கு இவ்வளவு கசந்திருக்காது என்பது தொலைவிலிருந்து பார்க்கும் என் ஊகம்.

ஐயர் காலத்திலேயே ஈழத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை ஏடுகள் கண்முன்னே அழிவதைக் கண்டு பதறினார். அந்தப் பதற்றம் படகுகளின் பொருட்டு இங்கே எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்துக்குக் 'கேட்டமரான்' என்ற சொல்லைக் கொடுத்த கலம் நம்முடையது. வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சான தம் பயணநூலிலேயே அதைக் குறித்திருக்கிறார். 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகியதும், கட்டுமரம் நம் கரைகளில் வேகமாக அருகியது. மரம் விறகாயிற்று, கயிறு மண்ணாயிற்று. அதில் மீனவர்மீது குறைசொல்ல ஒன்றுமில்லை. உழைக்காத மரத்தை வைத்துக் காப்பது அவர்கள் வேலையன்று. அது படித்தவர்கள் வேலை. எந்த மரத்தை நடுவில் வைப்பது, கயிற்றை எத்தனை சுற்றுச் சுற்றுவது, மூக்கு மரத்தை எந்தச் சாய்வில் பொருத்துவது என்று கையால் அறிந்தவர்கள் வடசென்னைக் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள், முதியவர்களாக இருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கட்டுமரத்தை வைத்தால் ரஸ்கின் மகிழக்கூடும். கட்டும் கை அதோடு போய்விடும். நாள்தோறும் அவிழ்த்துக் கட்டிய கலத்தைக் காக்க, நாள்தோறும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறையாவது அவிழ்த்துக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

2024 மார்ச் 9 அன்று நீலப்பறவை சுமைவண்டியில் ஏறிக் கானிஸ்டன் ஊருக்குள் வந்தது. தெருவின் இருபுறமும் மக்கள் நின்றார்கள். அந்தப் படகு சாதனைகள் செய்த ஆண்டுகளில் சிறுவர்களாக இருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். மீண்டும் அதை அந்த ஏரியில் ஓட்டுவதற்கு அருங்காட்சியகம் தேர்ந்தெடுத்து அறிவித்த பெயர் டேவ் வார்பி. அவருடைய தந்தை கென் வார்பி, சிட்னியில் தம் வீட்டுக் கொல்லையில் தாமே கட்டிய மரப்படகில் 1978 அக்டோபர் 8 அன்று மணிக்கு 317.6 மைல் வேகத்தை எட்டியவர். அந்தச் சாதனையை முறியடிக்க முயன்றவர்கள் இறந்தார்கள். எவரும் இன்னும் முறியடிக்கவில்லை.